சின்ன மாமாவின் முதல் சாவு

என் வயதுக்காரர்களே, ஒரு காலத்தில் நீங்கள் தொலைக்காட்சி நாடகம் பார்த்தவர்களென்றால் என் சின்ன மாமாவைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். பெயர் ஞாபகம் இராது. பெயர் போடும்போது தேத்தண்ணி ஊற்ற எழும்பியிருப்பீர்கள். கதாநாயகிக்குக் கெட்ட செய்தி கொண்டுவரும் தபால்காரர் அவர்தான். கலியாணத்தைக் குழப்பும் தரகர், கோட்டில் பொய்ச்சாட்சி சொல்லும் கிளாக்கர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டும் டொக்டர் எல்லாம் அவர்தான். சிங்களப் படங்களில் ஒரு தமிழ்க் கடை முதலாளி வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அரைவாசிக் கதைகளில் அவர் செத்துப்போவார். அவரைப் போல வடிவாகச் சாகத் தெரிந்த ஆள் இலங்கையிலேயே இல்லை என்று யாரோ ஓர் இயக்குநர் சொன்னாராம். அதை அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா.

அவர் முதன்முதலாகச் செத்தது எங்கள் கரையில். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன். இருந்தேன் என்ன, பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுததே நான்தான்.

எங்கள் கரை குருநகரிலிருந்து கூப்பிடு தூரம். முன்னால் ஆழமில்லாத பரவைக் கடல். கரையோடு ஒட்டினாற்போல எங்கள் கத்தோலிக்கக் கோயில். அந்தக் கோயில் மணியின் பாஷை எங்கள் எல்லாருக்கும் தெரியும். பூசைக்கு அடிப்பது ஒருவிதம், செபத்துக்கு அடிப்பது இன்னொருவிதம். சாவுக்கு அடிக்கும்போது மட்டும் ஒரு அடி அடித்து, அந்த நாதம் முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்த அடி விழும். அது காதில் விழுந்தால் கடலில் நிற்கிற வள்ளங்கள் எல்லாம் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பும். செத்தது ஆராக இருந்தாலும் சரி, அடக்கம் முடியும்வரை ஒருவரும் தொழிலுக்கு இறங்கார். இது ஒருவரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் அதை மீறிய ஒருவரைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதில்லை.

அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் இரண்டு ஆண்கள். மூத்தவர் பெரிய மாமா. தாய் தகப்பன் வேளைக்கே போய்விட்டதால் தங்கையையும் தம்பியையும் வளர்த்தது அவர்தான். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருந்தார். கதை குறைவு, கோபம் கூட. இளையவர் சின்ன மாமா. அப்போது இருபது வயது இருக்கும். அண்ணனின் வள்ளத்தில் போய்வருவார், போகிறபோது சவம் மாதிரிப் போவார். கரையில் ஏறியவுடன்தான் ஆளுக்கு உயிர் வரும்.

அவருக்கு ஒரு பழக்கம். ஆரைக் கண்டாலும் அவரைப்போல நடப்பார், அவரைப்போலக் கதைப்பார். மீன் ஏலம் கூறுகிறவர், எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர், கோயில் மணி அடிக்கிற கிழவர், ஒருவரும் தப்பவில்லை. பெரிய மாமா இதை நெளிப்புக் காட்டுறது என்பார். அடுத்தவன் நடையை நடக்கிறவனுக்குச் சொந்த நடை எப்படி வரும் என்று கேட்பார். ஒருமுறை வலை இழுக்கிற நேரத்தில் சின்ன மாமா வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் ஏறி நின்று கோயில் சுவாமியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை இருமலோடு செய்து காட்டியிருக்கிறார். இழுத்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்ததில் கயிறு நழுவி, பட்ட இறால் பாதி திரும்பக் கடலுக்குள். அதை வீட்டுக்கு வந்து பெரிய மாமா அம்மாவுக்குச் சொன்னார். ஆத்திரத்தோடுதான் சொன்னார். ஆனால் சுவாமியார் எந்த இடத்தில் இருமினார், எந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அதன் அர்த்தம் அன்றைக்கு ஒருவருக்கும் விளங்கவில்லை.

நத்தார்ப் பண்டிகை முடிந்து, புது வருஷமும் பிறந்து, பள்ளிக்கூடம் தொடங்காத நாட்கள். வாடைக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கொழும்பிலிருந்து படம் எடுக்கிறவர்கள் லொறியில் வந்து இறங்கினார்கள். வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகள், சுருள் சுருளாக வயர், முக்காலியில் ஒரு கமரா. இயக்குநர் மெலிந்த மனிசன். எங்கள் வாடையைத் தாங்க மாட்டாமல் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். கோயில் வளவில் இருந்து வேலை செய்யச் சுவாமியார் அனுமதி கொடுத்துவிட்டார். சுவாமியாருக்குப் படம் என்றால் கொஞ்சம் ஆசை என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும்.

சின்ன மாமா முதல் நாளே அவர்களோடு ஒட்டிக்கொண்டார். வெள்ளித்தாள் பலகையைத் தூக்கிப் பிடித்தார், சாமான் சுமந்தார். வீட்டுக்கு வந்து இயக்குநரைப்போலச் சால்வை சுற்றி நடந்து காட்டினார். அண்ணை, நான் இவையோடை கொழும்புக்குப் போகப்போறன் என்று ஒரு பின்னேரம் சொல்லியும் விட்டார். பெரிய மாமா சாப்பாட்டுக் கோப்பையை விட்டு எழும்பிப் போனார். இனி இந்தக் கதை இந்த வீட்டில் எடுபடக் கூடாது என்பது அதன் பொருள்.

அம்மா நடுவில் கிடந்து அல்லாடினா. அண்ணனும் பிழையில்லை, தம்பியும் பிழையில்லை என்று கண்ட எல்லாரிடமும் சொன்னா. பெரிய மாமா ஒரு சொல் 'ஓம்' என்று சொல்லாமல் சின்ன மாமா ரெயில் ஏற மாட்டார், அதுவும் எங்களுக்குத் தெரியும். தகப்பன் ஸ்தானத்தில் நின்றவரின் சொல்லைத் தாண்டுகிற பழக்கம் அப்போது இல்லை.

செத்தவீட்டுக் காட்சி எடுப்பதாக இருந்த அன்று விடிய, வாசலில் நின்று பெரிய மாமா கடலுக்குக் கூப்பிட்டார். சின்ன மாமா, நான் வரேல்லை என்றார். பெரிய மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ இருந்தாலும் ஒண்டுதான், செத்தாலும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றா. சின்ன மாமா வாசல் படலையைத் திறந்துகொண்டு கோயில் பக்கம் போனார்.

படத்தின் கதைப்படி ஒரு மீனவன் கடலில் செத்துவிடுகிறான், அவனுக்கு ஒரு சின்ன மகள். மகளாக நடிக்க என்னைப் பிடித்திருந்தார்கள். என் முகத்தில் இயல்பாகவே ஒரு சோகம் இருக்கிறதென்று இயக்குநர் சொன்னார். உண்மையில் எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மீனவனாக நடித்துக்கொண்டிருந்த கொழும்பு நடிகர் பெட்டியைக் கண்டவுடன் பின்னுக்குப் போய்விட்டார். கலியாணம் பேசி முடிந்த நேரம், சவப்பெட்டியில் ஏறிப் படுக்க மாட்டன் என்று ஒரே பிடி. இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. எல்லாரும் முழித்துக்கொண்டு நிற்க, பலகை பிடித்துக்கொண்டிருந்த சின்ன மாமா சொன்னார், நான் படுக்கிறன் என்று. ஆள் அதே உயரம், அதே நிறம். தூரத்திலிருந்து எடுத்தால் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். இப்படித்தான் அவருடைய தொழில் தொடங்கியது. பிறகும் அவருக்குக் கிடைத்த வேஷங்களில் பாதி இன்னொருவர் மாட்டன் என்று விட்டவைதான்.

பெட்டி நிஜப் பெட்டி, பட்டணத்துச் சவப்பெட்டிக் கடையில் வாடகைக்கு எடுத்தது. ஒருத்தர் படுத்தெழும்பின பெட்டியை இனி ஆர் வாங்குவார் என்ற யோசனை கடைக்காரருக்குப் பிறகுதான் வந்ததாம். கோயில் வளவில் பெட்டியை வைத்து, வெள்ளை வேட்டி சட்டையோடு மாமாவைக் கிடத்தி, நெஞ்சில் செபமாலையைக் கோத்து, தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். அது வாடைக்கு அணைய அணையக் கொளுத்தினார்கள். சுற்றி இருந்து அழ எங்கள் கரைப் பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேதான் வில்லங்கம். அவர்களுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. எங்கள் கரைப் பெண்கள் சாவீட்டில் அழுவதில் பேர் போனவர்கள், ஆனால் உயிரோடு கிடக்கிறவனுக்கு எப்படி அழுவது? சவத்தின் வயிறு ஏறி இறங்குது என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணுக்குக் கிளிசரின் விட்டார்கள். கண்ணீர் வந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

இயக்குநர் சுவாமியாரிடம் போய், மணி அடித்தால் ஒருவேளை அழுகை வரும் என்றார். சுவாமியார் மணி அடிக்கிற கிழவருக்குத் தலையை ஆட்டினார். கிழவருக்குப் பெட்டி கண்ணில் பட்டால் அடிக்கத் தெரிந்தது ஒரே ஒரு விதம்தான்.

முதல் அடி விழுந்தது. அது அடங்குவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாவது அடி விழுந்தபோது ஒரு மனிசி வாய்விட்டு ஒப்பாரி தொடங்கினா, உடனே மற்றவர்களும் சேர்ந்தார்கள். எனக்கும் எங்கிருந்தோ அழுகை வந்தது. இயக்குநர் கையை உயர்த்தினார். கமரா ஓடத் தொடங்கினால் அவர் கையை இறக்கும்வரை ஒருவரும் கதைக்கக் கூடாது, அசையக் கூடாது என்று எங்களுக்குப் பல தடவை சொல்லித் தந்திருந்தார்கள். கரையில் நின்ற எல்லாருக்கும் அது படம் என்று தெரியும். ஆனால் கடலில் நிற்கிறவர்களை ஒருவரும் நினைக்கவில்லை. சுவாமியார் நினைக்கவில்லை, அம்மாவும் நினைக்கவில்லை. வாடைக் காற்று மணிச்சத்தத்தை அப்படியே அள்ளிக் கடலுக்குள் கொண்டுபோயிருந்தது.

நான் பெட்டியில் தலையை வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்புவது தெரிந்தது. முன்னுக்கு வந்த வள்ளத்திலிருந்து ஒருவர் தண்ணீருக்குள் குதித்து, இடுப்பளவு தண்ணீரில் விழுந்தெழும்பி வந்தார். பெரிய மாமா. செத்தது ஆர் என்று கரையில் நின்றவர்களைக் கேட்டிருக்கிறார், அவர்களோ கமராவுக்குப் பயந்து உதட்டில் விரலை வைத்திருக்கிறார்கள். சொல்லக்கூட வாய் வராத சாவு என்று அவர் எடுத்துக்கொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் பெட்டியைக் கண்டார்.

அம்மா முன்னுக்கு வர வெளிக்கிட, ஒரு படக்காரர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பெரிய மாமா பெட்டியின் தலைமாட்டில் இருந்து, தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"எழும்படா தம்பி. காலமை சொன்னது பிசகடா. உன்னைப்போல ஒரு பிள்ளை இந்தக் கரையிலை இல்லையடா. நீ சுவாமியார் மாதிரி இருமேக்கை நான் அங்காலை திரும்பி நிண்டு சிரிச்சனானடா. எனக்குத்தான் உன்னை வளர்க்கத் தெரியேல்லை. கொழும்புக்குப் போ ராசா, எங்கை வேணுமெண்டாலும் போ, நான் மறிக்கமாட்டன். நீ எழும்பினாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

எனக்கும் சின்ன மாமாவின் முகத்துக்கும் இடையில் ஒரு சாண் தூரம்தான். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துளி புறப்பட்டுக் காதுப் பக்கம் வழிந்தது. அவருக்கும் கிளிசரின் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். செத்த ஆள் அழக் கூடாதே, படம் பழுதாய்ப் போகுமே என்ற பதற்றத்தில் கையை நீட்டி அதைத் துடைத்துவிட்டு, அந்தக் கன்னத்திலேயே கையை வைத்துக்கொண்டேன். தகப்பனைத் தடவுகிற மகள் என்று இயக்குநர் பிறகு என்னை மெச்சினார். அதுதான் நான் நடித்த ஒரே நடிப்பு.

இயக்குநர் கையை இறக்கினார். சின்ன மாமா எழும்பிப் பெட்டிக்குள் நிமிர்ந்து இருந்தார். பெரிய மாமா அவரைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், எங்கள் எல்லாரையும் பார்த்தார். பிறகு தம்பியின் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டுவிட்டு, கடற்கரையோடு நடந்து போய்விட்டார். பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தார்.

வந்தவுடன் சொன்னார், நாளைக்கு விடிய அவன் வள்ளத்திலை நிக்க வேணும் என்று. அம்மாவுக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. பெட்டிக்கு முன்னால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கக் கூடாது அண்ணை என்றா. அதுவும் எங்கள் கரையின் வழக்கம்தான். சவத்துக்கு முன் மன்னித்தேன் என்றால் மன்னித்ததுதான், தருகிறேன் என்றால் தந்ததுதான்.

"அது செத்தவனுக்குச் சொன்னது. இவன் சாகேல்லையே" என்றார் பெரிய மாமா.

அதில் ஒரு ஞாயம் இருந்தபடியால் வழக்கு ஊருக்குள் போய்விட்டது. கரை இரண்டாகப் பிரிந்தது. எழும்பி வந்த சவத்துக்குக் கொடுத்த வாக்குச் செல்லுமா செல்லாதா என்று கிழிந்த வலை பொத்துகிற இடத்திலும் கிணற்றடியிலும் ஒரே தர்க்கம். கடைசியில் சுவாமியாரிடம் போனார்கள். நானும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

சுவாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரிய மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீர் சொல்லேக்கை அவன் செத்திட்டான் எண்டு நம்பினீரோ?"

"ஓம் சுவாமி."

"அப்ப சொன்னது சொன்னதுதான். ஆண்டவர் திருப்பித் தந்த பிள்ளையை வைச்சுக்கொண்டு வழக்காடாதையும்."

தீர்ப்பு வேதாகமத்திலிருந்து வந்ததென்று அப்போது நினைத்தேன். தன்னுடைய மணியால் இத்தனை வலை கடலில் அநியாயமாய்ப் போனதே, இந்தக் கதையைச் சீக்கிரம் மூடிவிட வேண்டும் என்ற அவசரமும் சுவாமியாருக்கு இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது. எப்படியோ, சின்ன மாமா படக்காரர்களோடேயே ரெயில் ஏறினார். வழியனுப்பப் பெரிய மாமா வரவில்லை. பனை ஓலைப் பெட்டியில் இறால் கருவாடு கட்டி அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

படம் பட்டணத்தில் ஓடியது. கொஞ்ச நாள்தான் ஓடியது. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான், அந்தத் தமையனாய் நடிச்சவர் ஆர்? பத்திரிகையிலும் அந்தப் பெயர் தெரியாத நடிகரைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். இயக்குநர் அடுத்த படத்துக்குப் பெரிய மாமாவைக் கேட்டு வந்தபோது அவர் துடுப்பைத் தூக்கிக்கொண்டு கலைத்தார். ஆனால் மீன் விற்கப் பட்டணம் போகிறேன் என்று போனவர் திரும்பத் திரும்ப அந்தப் படத்துக்குப் போய் வந்தது பிறகுதான் தெரிந்தது. தியேட்டர் கலரியில் பின்னுக்கு இருந்து பார்ப்பாராம். அந்தப் படத்தின் பிரதிகள் எல்லாம் கொழும்பில் ஒரு கலவரத்தில் எரிந்துபோயின. இன்றைக்குத் தேடினாலும் ஒரு அடி பிலிம்கூடக் கிடைக்காது.

சின்ன மாமா பெயர் எடுக்க எடுக்க அந்தக் காட்சியும் பெயர் எடுத்தது. சொந்த அண்ணன் கட்டிப்பிடித்து அழுதும் அசையாமல் கிடந்த கலைஞன் என்று மேடைகளில் சொன்னார்கள். எங்கள் கரையில் அதையே வேறுமாதிரிச் சொன்னார்கள், கல்நெஞ்சுக்காரன் என்று. அம்மாவுக்கும் அந்த மனத்தாங்கல் கடைசிவரை இருந்தது. தம்பி வருகிற நாடகம் என்றால் கரண்ட் இல்லாத நாளிலும் கார் பற்றறியில் தொலைக்காட்சியைப் பூட்டியாவது பார்ப்பா. பார்த்து முடிய, அண்ணை அழ அழக் கிடந்தவன்தானே இவன் என்று ஒரு பெருமூச்சு விடுவா. விடுமுறைக்கு வந்தால் அண்ணனும் தம்பியும் ஒரு கோப்பையில் சாப்பிடுமளவுக்கு ஒற்றுமைதான். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நாங்கள் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் இருந்த காலத்தில் பெரிய மாமா கண்ணை மூடினார். சண்டையால் பாதை பூட்டியிருந்தது. கொழும்பிலிருந்த சின்ன மாமாவுக்குச் செய்தி போகவே நாட்கள் எடுத்தன.

இப்போது அவர் கொக்குவிலில் மகளோடு இருக்கிறார். முழங்கால் கொஞ்சம் கரைச்சல் கொடுக்கிறது, மற்றும்படி சுகம். இங்கே பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து கம்பஸில் படிக்கிற பொடியள் வந்து தங்களுடைய குறும்படங்களுக்குத் தாத்தாவாக நடிக்கக் கூட்டிப்போவார்கள். அவருக்கு அதில் பரம சந்தோஷம். போன கிழமை நண்டுக் கறி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முற்றத்து மாமரத்துக்குக் கீழே கதைத்துக்கொண்டிருந்தோம். இந்த வயதில் இனி எதற்குக் கூச்சம் என்று கேட்டுவிட்டேன். ஏன் மாமா அன்றைக்கு எழும்பவில்லை, கமரா ஓடுகிறதென்றுதானே என்றேன்.

மதிலுக்கு அங்காலே ரெயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை பொறுத்திருந்தார்.

"கமராவோ? அது எனக்கு ஞாபகத்திலையே இல்லைப் பிள்ளை. அண்ணை வந்து முகத்தைப் பிடிச்ச உடனை நான் எழும்பத்தான் வெளிக்கிட்டனான். அப்பதான், உன்னைப்போல ஒரு பிள்ளை இந்தக் கரையிலை இல்லை எண்டார். என்னைப் பற்றி அண்ணை நல்லதாய் ஒரு சொல்லுச் சொல்லி நான் அதுக்கு முதல் கேட்டதே இல்லை. எழும்பினால் நிப்பாட்டிப்போடுவார்."

கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் எண்டு கிடந்தன்."